நின்ற இடத்திலேயே ஓடிய காடி

விற்பனைக்கு வந்த காரைப் பார்த்துவிட்டு மட்டும் வருவோம் என்றுதான் வாசு மனைவியிடம் சொல்லியிருந்தான். பார்த்துவிட்டு வருவதற்கு ஸ்பேனர் பெட்டி எதற்கு, டார்ச் லைட் எதற்கு, தரையில் விரிக்கப் பழைய பாய் எதற்கு என்று நித்தியா கேட்கவில்லை. அவன் அவற்றைப் பின்சீட்டில் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே காலணியை மாட்டினாள்.

"பாய் இருக்கு. தலகாணி வேணாமா?" என்றாள்.

"கிண்டல் பண்ணாத நித்தி. கீழ படுத்துப் பாத்தாதான் காடியோட லட்சணம் தெரியும்."

வீடிருந்த புக்கிட் செந்தோசாவிலிருந்து கோல சிலாங்கூர் பக்கம் போகும் பாதையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனார்கள். வாசுவிடம் முன்பு ஒரு டர்போ காடி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு அதை விற்றுவிட்டான். விற்கச் சொன்னவர் யாருமில்லை. தானாக விற்றான், அதனால் குறை சொல்லவும் ஆள் இல்லாமல் போய்விட்டது. ரவாங் தொழிற்சாலையில் வேலை முடிந்து, எந்தச் சத்தமும் எழுப்பாத குடும்பக் காடியில் வீடு திரும்பும்போதெல்லாம், அந்தக் குறை நினைவுக்கு வரும்.

இப்போது விற்பனைக்கு வந்திருப்பது அதே வகை. சாம்பல் நிறம், மெனுவல் கியர், ஜப்பானிலிருந்து வந்த டர்போ எஞ்சின். விளம்பரத்தில் நிமலன் என்பவர் சுருக்கமாகத்தான் எழுதியிருந்தார். ஒன்றரை வருடமாக ரோட்டில் ஓடவில்லை, ரிப்பேர் வேலை இருக்கிறது, நேரில் பார்த்துவிட்டுப் பேசலாம்.

வீடு புக்கிட் பெலிம்பிங்கில், செம்பனை வரிசை தொடங்கும் இடத்தில் இருந்தது. தகரக் கொட்டகையின் கீழ் காடி நின்றது. வாசலுக்கு வந்த அம்மாள் இந்திரகுமாரி, நிமலனின் தாய். கணவர் அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக இருந்து காலமானவர் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"வாங்கோ, வாங்கோ. வெயிலுக்குள்ள வந்திருக்கிறீங்கள். முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ."

"காடியப் பாத்துட்டு வந்துர்றேன் ஆண்டி," என்றான் வாசு. அவன் கால்கள் ஏற்கெனவே கொட்டகைப் பக்கம் திரும்பியிருந்தன. அந்த அம்மாள் நித்தியாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

கொட்டகையை ஒட்டிய அறை ஜன்னலில் சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தார். முப்பது வயதைத் தாண்டியவர். தோள்கள் அகலமாக இருந்தன; மடியில் போர்வை.

"நான்தான் நிமலன். சாவி உள்ள தொங்குது ப்ரோ. நல்லாப் பாருங்க. எதையும் மறைக்கல."

வாசு பாயை விரித்துப் படுத்தான். சேஸிஸ் நேராக இருந்தது; எங்கேயும் அடிபட்ட தடம் இல்லை. டயர்கள் நான்கும் தரையைத் தொட்ட பக்கம் தட்டையாகிப் போயிருந்தன. பிரேக் தட்டுகளில் துரு. கிளச் ஒட்டிக்கொண்டிருந்தது. இவையெல்லாம் நிறுத்தி வைத்த காடிக்கு வருகிற நோய்கள்தான், மாற்றிவிடலாம்.

பானெட்டைத் திறந்தபோதுதான் சந்தேகம் வந்தது. பேட்டரி நல்ல நிலையில் இருந்தது. வயர்களில் எலிக்கடி இல்லை, சிலந்தி வலை இல்லை. ஆயில் மூடியைத் திருகி எடுத்தான். உள்பக்கம் வெளிறிய குழம்புபோல ஏதோ அப்பியிருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் எல்லாம் முடிந்தது. ரேடியேட்டரைத் திறந்து பார்த்தான். தண்ணீர் சுத்தமாக இருந்தது; அங்கிருந்து கசியவில்லை. ஆயில் குச்சியை உருவி முகர்ந்தான். பெட்ரோல் வாடை. ஒரு ப்ளக்கைக் கழற்றினான். கரி.

ஓடாத காடிக்கு ஓடிய காடியின் நோய். ரோட்டையே பார்க்காத எஞ்சினுக்குள் இவ்வளவு பெட்ரோல் எப்படி இறங்கும்? கதவைத் திறந்து உட்கார்ந்தான். மீட்டர் கண்ணாடியின் மேலும் ஸ்டியரிங் நடுவிலும் திருநீறு பூசப்பட்டிருந்தது. ஒருநாள் பூசியது போல இல்லை. பழைய பூச்சின் மேல் புதிய பூச்சு, அதன் மேல் இன்னொன்று என்று பட்டை தட்டிப் போயிருந்தது.

"என்ன ப்ரோ, மொகம் ஒரு மாதிரி போவுது?" என்றார் நிமலன் ஜன்னலிலிருந்து.

"ஆயில்ல பெட்ரோல் கலந்திருக்கு. ஓடலன்னு போட்டிருந்தீங்களே."

நிமலன் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"ரோட்ல ஓடல. இங்க ஓடுது, நின்ன எடத்துலயே. அம்மா சாமிக்கு வெளக்கு வெச்சிட்டு வந்து திருநீறு பூசி ஸ்டார்ட் பண்ணுவாங்க. கொஞ்ச நேரம் விட்டுட்டு நிறுத்துவாங்க. எனக்குக் கேக்கணும்ல."

"தினமுமா?"

"ஹாஸ்பிட்டல்லேர்ந்து வந்த மொத நாள் நான்தான் கேட்டேன், ஒருதடவ ஸ்டார்ட் பண்ணுங்கன்னு. ஒருதடவதான் கேட்டேன். அதுக்கப்புறம் ஒருநாளும் தப்பல."

"நிறுத்தச் சொல்லலாம்ல ப்ரோ?"

நிமலன் சிரித்தார். சிரிப்பு முகத்தில் எங்கேயும் பரவவில்லை.

"கூரை மேல ஏறித் தண்ணித் தொட்டியப் பாக்கச் சொன்னது அவங்க. விழுந்தது நான். அன்னையிலேர்ந்து எனக்காக அவங்க செய்யிறதுல இது ஒன்னுதான் எனக்குப் பிடிக்குதுன்னு நெனச்சிட்டிருக்காங்க. அத எப்படி நிறுத்தச் சொல்றது?" போர்வையைச் சரிசெய்துகொண்டார். "எஞ்சின் சத்தம் வந்தா கால் கிளச்சத் தேடுது ப்ரோ. அசையாது. ஆனா தேடுது. அதைத் தினமும் படுத்துக்கிட்டே தாங்கணும். எடுத்துட்டுப் போயிடுங்க. விலையை நீங்களே சொல்லுங்க."

வாசு ப்ளக்கை மறுபடி மாட்டுவதுபோல் குனிந்துகொண்டான். காடி அவனுக்கு வேண்டும். பார்த்த மாத்திரத்திலேயே வேண்டும் என்று தோன்றிவிட்டது. இத்தனை வேலை இருந்தும், தானே கழற்றிப் பூட்டினால் எஞ்சினைக் காப்பாற்றிவிடலாம் என்று கை சொன்னது. விற்பவர் எடுத்துப் போகும்படி கெஞ்சுகிறார். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

கை கழுவக் குழாயடிக்குப் போனான். நித்தியா அங்கே வந்தாள். அவள் முகத்தில் வரும்போது இருந்த கிண்டல் இல்லை.

"அந்த ஆண்டி எங்கிட்ட ஒன்னு கேட்டாங்க. நீங்க காடிய வேணாம்னு சொல்லணுமாம். சும்மா இல்ல, இது இனிமே ஒன்னுத்துக்கும் ஒதவாது, யாரும் எடுக்க மாட்டாங்கன்னு மகன்கிட்ட சொல்லணுமாம். வெவரம் தெரிஞ்சவரு சொன்னா நம்புவாராம்."

"ஏன்?"

"காடிச் சத்தம் கேட்டாதான் மகன் முகத்தக் காடிப் பக்கம் திருப்புறாராம். அதுவும் நின்னு போச்சுன்னா மகன் சாப்பாட்டையும் நிறுத்திடுவான்னு பயப்படுறாங்க. ஏன் விக்கறான்னே புரியலங்கறாங்க."

வாசு குழாயை மூட மறந்து நின்றான். பிறகு நிமலன் சொன்னதைச் சொன்னான். நித்தியா குனிந்து குழாயை மூடினாள்.

"அப்போ அவங்க இவருக்காக ஸ்டார்ட் பண்றாங்க, இவரு அவங்களுக்காகத் தாங்குறாரு."

"ஆமா."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"ஒதவாதுன்னு சொன்னா பொய் லா. நல்ல எஞ்சின் நித்தி. எடுக்கறேன்னு சொன்னா..." அவன் துணியில் விரல் விரலாகத் துடைத்தான். "அது அவருக்காகச் சொல்றதா எனக்காகச் சொல்றதான்னு எனக்கே தெரியல."

"எனக்குத் தெரியுது. என்னப் பொண்ணு பாக்க வந்தப்போகூட நீங்க இவ்ளோ குனிஞ்சு பாக்கல." அவள் சொன்னது வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் இருவரும் சிரிக்கவில்லை. "ஒன்னும் சொல்லாம போயிருவோம். வீட்ல போயி யோசிப்போம். அவங்க ரெண்டு பேரும் மொதல்ல பேசிக்கட்டும்."

அதுதான் சரி என்று வாசுவுக்கும் பட்டது. ஸ்பேனர்களைப் பெட்டிக்குள் போட்டான். பாயைச் சுருட்டினான். தேநீரைக் குடித்து முடித்து, யோசித்துவிட்டு போன் செய்கிறேன் என்று சொல்லும் வார்த்தையைக்கூட மனத்துக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தான்.

அதற்குள் செம்பனை மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிவிட்டது. சாமி அறையில் மணிச்சத்தம் கேட்டது. இந்திரகுமாரி அம்மாள் நெற்றியில் திருநீறும், கையில் சிறு தட்டுமாகக் கொட்டகைக்கு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, மீட்டர் கண்ணாடியில் திருநீறு பூசி, சீட்டின் விளிம்பில் ஒருக்களித்து உட்கார்ந்தார். சாவியின் மேல் கை போனது.

"ஆண்டி, ஸ்டார்ட் பண்ணாதீங்க."

வாசுவின் குரல் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"இப்படி ஓட்டாம சும்மா ஸ்டார்ட் பண்ணி நிறுத்துனா எஞ்சின் முழுசா சூடாகாது, உள்ள ஈரம் தங்கும். பெட்ரோல் ஆயில்ல எறங்கும். ஆயில் தண்ணியாப் போயிரும். ஒவ்வொரு தடவையும் உள்ள தேஞ்சிட்டே இருக்கும். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே பண்ணுனா ஒன்னுத்துக்கும் ஆவாது."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்ன நேரத்தில் அவன் தாயை நினைக்கவில்லை, ஜன்னலில் இருந்தவரையும் நினைக்கவில்லை. என் எஞ்சின் என்று நினைத்துவிட்டான்.

அந்த அம்மாள் சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ஸ்டார்ட் பண்ணினதாலயோ பழுதாப் போனது?"

நித்தியா வாசுவின் முழங்கையைப் பிடித்தாள்; ஆனால் அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான்.

"இதையும் நான்தான் பழுதாக்கினனோ?" என்றார் அவர் மறுபடி. இந்தமுறை ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

ஜன்னலுக்குள் இருட்டாக இருந்தது. அங்கிருந்து நிமலனின் குரல் வந்தது.

"விடுங்கோ அம்மா. காடிதானே."

அவர் இறங்கினார். சாவியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, வாசுவின் கையில் வைத்தார். வைத்த கையில் திருநீறு ஒட்டியிருந்தது.

"அப்ப நீங்கள் கொண்டுபோங்கோ தம்பி. ஓட்டக்கூடிய ஆளிட்ட இருக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. யோசிக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். வாசு சாவியை மூடிப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரம் இழுத்துட்டுப் போக டோ லோரியோட வர்றேன் ஆண்டி," என்றான்.

திரும்பும் வழியில், பெஸ்தாரி ஜெயா ஊரைத் தாண்டிய பிறகு, நித்தியா முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க சொன்னது உண்மைதான். அவங்ககிட்ட அத நீங்க சொல்லியிருக்க வேணாம்."

"சொல்லாம இருந்தா எஞ்சின் போயிருக்கும்."

"அதத்தான் சொல்றேன்."

காடி புக்கிட் செந்தோசாவுக்கு வந்து சேர்ந்தது. பெயர் மாற்றும் வேலைகளும் முடிந்தன. வாசு வேலை முடிந்து வந்த மாலைகளில் எஞ்சினைப் பிரித்தான். கரியைச் சுரண்டினான், கிளச்சை மாற்றினான், ஆயில் போகும் வழியையெல்லாம் கழுவினான். நினைத்ததைவிடத் தேய்மானம் குறைவு. அதைக் கண்டபோது சந்தோஷம் வந்தது. அடுத்த கணமே அந்த அம்மாள் மடியில் கையை வைத்துக்கொண்டது நினைவுக்கு வந்து சந்தோஷத்தைக் கெடுத்தது. மீட்டர் கண்ணாடியில் இருந்த திருநீற்றை மட்டும் அவன் துடைக்கவில்லை. துடைக்கத் துணியை எடுப்பான். பிறகு வேறு எதையாவது துடைப்பான்.

இந்திரகுமாரி அம்மாள் அவ்வப்போது நித்தியாவுக்குப் போன் செய்வார். விளக்கு வைத்த பிறகுதான் செய்வார். முன்பு அந்த நேரத்தில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. “பிள்ளை, சுகமோ” என்று அவளைக் கேட்டுத் தொடங்கி, காடி ஓடத் தொடங்கிட்டுதோ என்று முடிப்பார். நிமலன் சாப்பிடுகிறாரா என்று ஒருநாள் நித்தியா கேட்டாள்.

"சாப்பிடுறான். சாப்பிட்டுட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்றான். முந்திச் சாத்திறேல்லை. நல்லதுக்கோ கெட்டதுக்கோ, எனக்கு விளங்கேல்லை."

நித்தியா அதை அப்படியே வாசுவிடம் சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

எஞ்சினை முழுவதும் பூட்டி, முதல்முறையாகச் சாவியைத் திருப்பிய மாலையில் அது இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சத்தம் வீட்டுச் சுவரில் மோதித் திரும்பியது. எத்தனையோ வருடமாக அவன் காத்திருந்த சத்தம். அவன் கிளச்சை மிதித்துக் கியரைத் தொட்டபோது நித்தியா போனோடு வாசலுக்கு வந்தாள்.

"ஆண்டி. சத்தம் அவங்களுக்குக் கேட்டுடுச்சு."

வாசு போனை வாங்கிக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் காற்றில் செம்பனை ஓலைகள் உரசும் சத்தம். வீட்டுக்கு வெளியே, தோட்டத்துப் பக்கம் நிற்கிறார் போலிருந்தது.

"தம்பி, ஒருக்கா கேக்கலாமோ? அவனுக்குத் தெரிய வேண்டாம். நான் பின்பக்கம் வந்து நிக்கிறன். எனக்குத்தான்."

வாசு கியரிலிருந்து கையை எடுத்தான். இறங்கிப் போய்ப் பானெட்டைத் திறந்து, போனை எஞ்சினுக்கு அருகே பிடித்தான். நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி வெறுமனே ஓடவிடக் கூடாது என்று அவன்தான் அவருக்குச் சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து போதும் என்ற சொல் வரவில்லை. தான் நிறுத்தலாமா என்றும் தெரியவில்லை. நித்தியா விளக்கு வைக்க உள்ளே போனாள். அவன் கையை மாற்றிப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.