இடது முன் இருக்கையின் எடை

கடிதம் வந்த பதினோராம் நாள், லிஃப்ட் மெக்கானிக்கின் காரில், யாரும் உட்காராத இடது முன் இருக்கையின் எடை நான்கு கிலோ நானூறு கிராம். மறுநாள் ஐந்து கிலோ இருநூறு. இருக்கையின் மேல் ஒன்றும் இல்லை. அவர் குனிந்து அடியில் பார்த்தார், கையை விட்டுத் துழாவினார். ஒரு பழைய பஸ் டிக்கெட்டும் மனைவியின் கொண்டை ஊசி ஒன்றும் அகப்பட்டன. இரண்டையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி பார்த்தார். அதே ஐந்து கிலோ இருநூறு.

எடை எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த வகைக் காரில் முன் இருக்கையின் பஞ்சுக்கு அடியில் மெல்லிய விரிப்பு ஒன்று இருக்கும். அதற்குள் மயிரிழை போன்ற கம்பிகள் ஓடும். மேலே பாரம் விழுந்தால் கம்பிகள் நசுங்கும், நசுங்கினால் மின்சாரம் போகும் வழி கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தை ஒரு சிறு பெட்டி கிலோவாக மாற்றிச் சொல்லும். உட்கார்ந்திருப்பது பெரிய ஆளா, குழந்தையா, காய்கறிப் பையா என்று கார் தெரிந்துகொள்வது இப்படித்தான். மோதல் நடந்தால் காற்றுப்பை எவ்வளவு வேகமாக விரிய வேண்டும் என்பதையும் அந்த எண்ணை வைத்தே அது முடிவு செய்கிறது. ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் துளையில் ஒரு கையடக்கக் கருவியைச் செருகினால் எண்ணை நாமும் படிக்கலாம். லிஃப்ட் மெக்கானிக்கிடம் அப்படி ஒன்று இருந்தது. லிஃப்டின் தரைக்கு அடியிலும் இதே போன்ற ஏற்பாடுதான். ஒன்பதாவது ஆள் காலை வைத்ததும் கூவுவது அதுவே. இருபத்திரண்டு வருட வேலையில் அவர் கற்றுக்கொண்டது, பாரம் காட்டினால் பாரம் இருக்கிறது என்பது. அதனால் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கடிதத்தைக் கார் கம்பெனி அனுப்பியிருந்தது. இடது பக்கக் காற்றுப்பையை ஊதவைக்கும் உலோகக் குப்பியில் ஈரம் இறங்கியிருக்கக்கூடும், மோதினால் பையோடு குப்பியும் சிதறக்கூடும், புதிய குப்பி பொருத்தும்வரை அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. புதிய குப்பி எப்போது வரும் என்ற இடத்தில் ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்று மட்டும் இருந்தது. நகரில் அந்த வகைக் கார்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் முன்னால் உட்கார்ந்தவர்கள் எழுந்து பின்னால் போனார்கள். மனைவி ஓட்ட, பின்னால் சாய்ந்து உட்கார்ந்து போன மருந்துக்கடைக்காரரை யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து ஒரு காவலர் சல்யூட் அடித்தார். மருந்துக்கடைக்காரரும் திருப்பி அடித்தார்.

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி பல் செய்கிறவள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பல் கூடத்தில், மெழுகில் கடைவாய்ப் பல்லைச் செதுக்குவது அவள் வேலை. ஒரு பல்லின் தலையில் நான்கைந்து மேடு, நடுவில் பள்ளம். மேடு அரை மயிரிழை உயர்ந்தாலும் கட்டிக்கொண்டவர் வாயை மூட முடியாது. அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கி, கடிதம் வந்தபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் சொல்லவில்லை. அவர் கவனித்திருந்தார், கேட்கவில்லை. கை போனால் வேலை போகும் என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் பேசிக்கொள்ள இடம் என்று இருந்தது கார்தான். மூன்று அறை வீட்டில் அவருடைய தம்பி குடும்பமும் சேர்ந்து ஏழு பேர். சுவர் அப்பளம் மாதிரி. இந்த அறையில் தும்மினால் அந்த அறையில் திட்டுவார்கள். அதனால் பன்னிரண்டு வருடமாகக் குடும்பப் பேச்செல்லாம் காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம், பாலத்தின் மேல் ஓடிக்கொண்டே நடந்தது. போகும்போது அவர் ஓட்டுவார், வரும்போது அவள். இப்போது இரண்டு மாதமாக, “நீங்களே ஓட்டுங்க, கண்ணு எரியுது” என்று அவள் சாவியை நீட்டிக்கொண்டிருந்தாள். கடிதம் வந்ததும் பின்னால் உட்கார்ந்தாள். ஜன்னல் காற்றில் ஒன்றும் கேட்காது. அவள் ஏதோ சொல்வாள், அவர் “என்ன?” என்பார், அவள் மறுபடி சொல்வாள், அவர் மறுபடி “என்ன?” என்பார். நான்காவது தடவை அவள் “ஒண்ணுமில்ல, ரோட்டைப் பாருங்க” என்று முடித்துவிடுவாள்.

இருக்கை ஒன்பது கிலோவைத் தாண்டியதும் கார் பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்கத் தொடங்கியது. பாலம் முழுக்க ணிங், ணிங், ணிங். வேறு வழியில்லாமல் காலி இருக்கைக்குப் பெல்ட் போட்டார். நகரில் அந்த வகைக் கார் வைத்திருந்த ஏறக்குறைய எல்லோருக்கும் இதே கதை, எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். போக்குவரத்து சிக்னலில் வரிசையாக நிற்கும் கார்களில் ஒன்றுமில்லாததன் மேல் பெல்ட் இறுக்கமாகக் கிடக்கும். பிறகு கார் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் பாரம் ஏறினால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கும், சக்கரம் சாயும், டயர் உள் ஓரத்தில் தேயும், ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நான்காவது மாதத்தில் இருக்கை எண்பத்து நான்கு கிலோ காட்டியது. நேராகப் போவதற்கே ஸ்டீயரிங்கை ஒரு சாண் வலது பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. பாலத்தின் இடது கைப்பிடிச் சுவரில் அதற்குள் ஆறு கார்கள் உரசியிருந்தன. நூற்றிருபதில் ஸ்பிரிங் தரை தட்டும், அதற்குப் பிறகு எவ்வளவு திருப்பினாலும் கார் கேட்காது என்று அவர் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு ஏறுவது தொள்ளாயிரம் கிராம். ஆக, நாற்பது நாள். அதற்குப் பிறகு ஒரு காலையில் அவரும் பின்னால் அவளும் ஆற்றுக்குள் போவார்கள்.

அவர் சர்வீஸ் சென்டருக்குப் போனார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், கேட்பதற்கு முன்பே, “குப்பி வரல சார்” என்றாள்.

“குப்பி இருக்கட்டும்மா. சீட்டு எடை காட்டுது.”

“எவ்ளோ?”

“எண்பத்தி நாலு.”

“அவ்ளோதானா? அண்ணன் தம்பி ரெண்டு பேரு, பதினோரு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாதவங்க, ஒரே கார், அவங்களுக்கு முந்நூறு. சீட்டு தரையோட தரையா போயிடுச்சு. நீங்க கவலைப்படாதீங்க சார்.”

எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அவர் அதை வாங்கி நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்தார். தனியாக வாழும் நீச்சல் பயிற்சியாளருக்கு முப்பத்தொன்று. மருந்துக்கடைக்காரருக்கு நூற்று இரண்டு. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு ஆறு. முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரே ஒரு காருக்குப் பூஜ்யம். அது டிரைவிங் ஸ்கூல் கார்.

டிரைவிங் ஸ்கூல்காரரை ஊரில் பிரேக் வாத்தியார் என்பார்கள். அவர் வழக்கமாக உட்காரும் இடமே அந்த இடது முன் இருக்கைதான். அவருக்கென்று காலடியில் தனி பிரேக்கும் இருந்தது. கடிதத்துக்குக் கட்டுப்பட்டுப் பின்னால் போனவர், ஒரு துடைப்பக்கட்டையை முன்னால் நீட்டித் தன் பிரேக்கை அதனால் மிதித்துக்கொண்டு பாடம் நடத்தினார். லிஃப்ட் மெக்கானிக் ஒரு காலை முழுவதும் அவர் பக்கத்தில் கருவியை மடியில் வைத்துக்கொண்டு போனார். ஓட்டியது ஒரு வங்கி மேலாளர்.

“கிளட்சை விடுங்க சார். விடுங்கன்னா மெதுவா! அது என்ன உங்க எதிரியா? கண்ணாடியைப் பாருங்க. உங்க மூஞ்சியை இல்ல, பின்னாடி வர்ற லாரியை! உங்க பேங்க்ல யாருய்யா உங்களை மேனேஜர் ஆக்கினது?”

மேலாளர் கண்ணாடியை நிமிர்த்தினார். எண் பூஜ்யத்திலேயே நின்றது. அதே வாரம் செய்த கார், அதே விரிப்பு, அதே கம்பி. வித்தியாசம் ஒன்றுதான்: பின் இருக்கையிலிருந்து ஒரு நொடி ஓயாமல் சத்தம் வந்துகொண்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது போல இருந்தது. சத்தம் என்றால் அதிர்வு; அதிர்வு கம்பிகளை உதறிவிடுகிறது. அன்றைக்கே பின் இருக்கையில் ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தி, காதைப் பிளக்கும்படி ரேடியோவை வைத்தார். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஒருவேளை மனிதக் குரலாக இருக்க வேண்டுமோ என்று, காரோடு வந்த கையேட்டை மனைவியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். முகப்பு விளக்கின் பல்பை மாற்றுவது எப்படி என்பதிலிருந்து உதிரி டயரை வைக்கும் முறை வரை நாற்பது நிமிடம் அவள் கத்திப் படித்தாள். பக்கம் ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்திருந்தாள். அவர் கண்ணாடியில் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது எடை முந்நூறு கிராம் ஏறியிருந்தது.

நூற்றுப் பன்னிரண்டு கிலோ காட்டிய காலையில் பாலத்தில் போக்குவரத்து நின்றது. மருந்துக்கடைக்காரரின் கார் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு, ஒரு சக்கரம் ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் சுற்ற, நின்றுகொண்டிருந்தது. ஆளுக்குக் காயமில்லை; சாலையோரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கிரேன் வர நேரமாகும், எஞ்சினை அணையுங்கள் என்று காவலர் சொல்லிக்கொண்டு வந்தார். லிஃப்ட் மெக்கானிக் இறங்கித் தன் இடது டயரைத் தடவிப் பார்த்தார். உள் ஓரத்தில் கம்பி தெரிந்தது. ஓட்டுநர் பக்கம் வெயில் சுட்டதால் திரும்பி வந்து பின் இருக்கையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நீளமான ஒயரோடு கருவி அவர் மடியில் இருந்தது. எட்டு நாள் பாக்கி என்று வாய்க்குள் கணக்குப் போட்டார்.

“எந்நேரமும் அந்த நம்பர்தான்,” என்றாள் அவள். “உங்களுக்கு எல்லாத்தோட எடையும் தெரியணும். வீட்டுல ஒருத்தி இருக்காளே, அவளுக்கு என்னன்னு தெரியுமா? போன வாரம் மூணு பல்லைக் கீழ போட்டேன். மூணு. பக்கத்துல இருக்கிறவ எடுத்து மறைச்சு வெச்சா. கை நிக்க மாட்டேங்குது.”

“தெரியும்,” என்றார்.

“தெரியுமா? எப்பலேருந்து?”

“நீ டம்ளரை ரெண்டு கையால பிடிச்ச அன்னைலேருந்து.”

“அது ஆறு மாசம் ஆச்சுங்க! அப்புறம் ஏன் கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

“நல்லா இருக்கு நியாயம். நீங்க கேப்பீங்கன்னு நான் இருந்தேன்.” அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போய், நடுவில் நின்றாள். “ஏங்க, அதைப் பாருங்க. குறையுது.”

கருவியில் நூற்றெட்டு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்றேழரை ஆனது.

“பேசாம இரு, பாக்கலாம்,” என்றார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். எண் அசையவில்லை.

“நின்னுடுச்சு.”

“அப்ப பேசு.”

“என்னத்தைப் பேச? நீங்க பேசுங்க. உங்களுக்குப் பயமாவே இல்லையா?”

“இருக்கு,” என்றார் அவர். “கை போனா நீ என்ன செய்வேன்னு இல்ல. நீ என்கிட்ட சொல்லாமலே ஒரு நாள் வேலைய விட்டுட்டு வந்து, கண்ணு எரியுதுன்னு சொல்லுவியோன்னு.” எண் ஒரேயடியாக இரண்டு கிலோ இறங்கியது.

கிரேன் வர ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. அதற்குள் தம்பி குடும்பம், தனி வீடு, டாக்டரிடம் போக அவளுக்கிருந்த பயம், அவர் ஒருமுறை அவளுடைய அக்காவைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை எல்லாம் வந்து போயின. அந்த வார்த்தைக்கு மட்டும் நாலு கிலோ. கடைசியில் ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு எழுந்தது, காலி இருக்கையின் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. கார் பாலத்தை நேராகக் கடந்தது.

டாக்டர் நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார், பாதி குறைந்தது. மெழுகு வேலை முடியாது என்றானதும், பல் கூடத்தில் அவளை நிறம் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஒருவருடைய பழைய பற்களோடு புதுப் பல்லின் நிறம் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்குக் கண் போதும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் தெரிவதில்லை என்பதால் மாலையில் மறுபடி அவளே ஓட்டினாள், அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவர் சர்வீஸ் சென்டரில் விஷயத்தைச் சொல்ல, மற்றவர்களும் பின்னால் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள்; அண்ணன் தம்பிக்கு ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. நடுவில் ஒரு முறை கார் கதவு ஒன்று உடைந்தது. நீச்சல் பயிற்சியாளர் தனியாளாகப் பின் இருக்கையில் உட்கார்ந்து தானே பேசிப் பார்த்தார். அதற்கும் குறைந்தது, வேகம் மட்டும் பாதி.

பதினான்காம் மாதம் புதிய குப்பிகள் வந்தன. ஒரு காருக்கு நாற்பது நிமிடம். விரிப்பையும் சேர்த்து மாற்றிக் கொடுத்தார்கள். பின்னால் போனவர்கள் எல்லோரும் முன்னால் வந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் மனைவியை ஒரு கடைத் தராசில் நிற்க வைத்தார், ஐம்பத்தெட்டு கிலோ. காரில் உட்கார வைத்தார், ஐம்பத்தொன்பது கிலோ இருநூறு. புது விரிப்பில் பழுது ஏதும் இல்லை. அவர் எண்ணைப் படித்தார், அவளைப் பார்த்தார், எஞ்சினை அணைத்துவிட்டுப் பின் கதவைத் திறந்தார். இப்போது சர்வீஸ் சென்டரின் சுவரில், டயருக்குக் காற்று எவ்வளவு, எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும் என்பதற்குக் கீழே, மூன்றாவது வரியாக அவர் எழுதிக் கொடுத்தது ஒட்டப்பட்டிருக்கிறது: முன் இருக்கை அதிக எடை காட்டினால் வண்டியை நிறுத்தி, இருவரும் பின்னால் உட்கார்ந்து, சொல்லாமல் வைத்திருப்பதைச் சொல்லவும், நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ குறையும்.