அங்க மூடிட்டாங்க

டீலருக்குத் தினமும் காலையில் அத்தானிடமிருந்து போன் வந்துவிடும். "மாப்ளே, அங்க எப்படி?" அங்கே என்றால் கடலுக்கு அப்பால் இருக்கும் பெரிய பங்குச் சந்தை. அங்கே சறுக்கினால் இங்கே குப்புற விழும். அங்கே எழுந்தால் இங்கேயும் தலை நிமிரும். பங்கு வாங்கி விற்றுத் தருகிற அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அக்கா புருஷனுக்கு இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி?

அன்றைக்குப் போன் வந்தபோது டீலர் பஞ்சர் கடையில் நின்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தான். "அங்க மூடிட்டாங்க அத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டான். அந்த நாட்டில் அன்று விடுமுறை. 'லீவு' என்று இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை.

அத்தான் கறிக்கடைக்காரர். வெட்டின கறியை அப்படியே போட்டுவிட்டு, ரத்தம் தெறித்த பனியனோடு டீலரின் அலுவலகத்துக்கு ஓடினார். "அங்க சந்தையையே இழுத்து மூடிட்டாங்களாம்! டீலரே சொன்னான்!" விசாரிக்க யாருக்கும் பொறுமையில்லை. கூடத்தில் விலையைப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் நாற்பது பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு விற்றார்கள். அவர்கள் போன் போட்ட இடமெல்லாம் விற்றார்கள். விலை மளமளவென்று சரிந்தது. விஷயம் தெரிந்தவர்கள் மலிவாக அள்ளிக்கொண்டதும் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. விற்றவர்கள் வாயில்தான் மண்.

அந்த நேரம் பார்த்து டீலர் உள்ளே வந்தான். "லீவுங்க. லீவுக்கு மூடியிருக்காங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி இரும்பு நாற்காலியைத் தூக்கி அவன் முகத்திலேயே அடித்தார். மூக்கு உடைந்தது. இரண்டு பல் கீபோர்டில் போய் விழுந்தது. யாரோ மௌஸ் வயரைக் கழுத்தில் போட்டு இறுக்கினார்கள். எறும்பைக்கூட மிதிக்காத டீச்சரம்மா அவன் விரல்களைச் செருப்புக் காலால் நசுக்கினாள். பயத்தில் அவன் பேன்ட் நனைந்துவிட்டது.

"சந்தை போச்சுன்னு நீ சொன்னியா, இல்ல உங்கத்தான் கட்டிவிட்ட கதையா? சொல்லுடா!" என்றார் முதலாளி. வயர் கொஞ்சம் தளர்ந்தது.

சுவரோரம் அத்தான் ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று சொன்னால் போதும், கூட்டம் டீலரை விட்டுவிடும். ஆனால் அவரை உயிரோடு விடாது. அக்காவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"நான்தான் சொன்னேன்" என்றான் டீலர். "அங்க எல்லாம் போச்சுன்னு நான்தான் சொன்னேன். அத்தான் மேல தப்பில்ல."

எல்லாருடைய கண்ணும் அத்தான் மேலேயே இருந்தது. அவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். தூக்கிவிடத்தான் வருகிறார் என்று டீலர் கையை நீட்டினான்.

"எங்க எல்லாரையும் நடுத்தெருவுல நிறுத்திட்டியேடா!" என்று கத்தியபடி அத்தான் அந்தக் கையைப் பிடித்து, தன் முழங்காலில் வைத்து ஒடித்தார்.