கறுப்புப் பூச்சு

மூன்றாவது அடியில்தான் தொட்டியில் விரிசல் விழுந்தது. அவள் மறுபடி கடப்பாரையை ஓங்கியபோது கொழுந்தன் பாய்ந்து வந்து கையைப் பிடித்தான்.

"அண்ணி! பைத்தியமா உங்களுக்கு? என் கையால கட்டினது!"

"அதனாலதான் உடைக்கிறேன். கையை எடு."

சமையலறைத் தண்ணீர்த்தொட்டி. முகம் பார்க்கலாம்போல் பளபளக்கும் கறுப்பு. வந்தவர்கள் எல்லாரும் கொத்தனார் கொழுந்தனின் கைவண்ணத்தை மெச்சிவிட்டுப் போனார்கள். அதில் மொண்டு குடித்த அவள் மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு கிடக்கிறாள். தொட்டித் தண்ணீரைக் காலையில் தான் வேலை செய்யும் தண்ணீர் பிளான்ட்டுக்கு எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்த்திருந்தாள். ஆர்சனிக்.

"சின்னவன் நல்ல பேர் வாங்கினா இவளுக்கு வயிறு எரியும்," என்றாள் மாமியார், வாசற்படியில் நின்று. "தண்ணி பிளான்ட்ல கண்ணாடிக் குழாயை ஆட்டுறவளுக்குப் பெரிய டாக்டர்னு நெனப்பு!"

அவள் திரும்பவில்லை. "கறுப்புக்கு என்னடா கலந்தே?"

"சாயம்."

"எந்தக் கடையில?"

அவன் பார்வை தரைக்குப் போனது. "உங்க பிளான்ட் பின்னாடி மூட்டை மூட்டையா கெடந்துச்சு. சும்மாதானே கெடக்குதுன்னு…"

பிளான்ட் வடிகட்டியில் போடும் நானோ இரும்புத்தூள். கண்ணுக்கு எட்டாத நுண்துகள்கள். ஊர்த் தண்ணீரில் இருக்கும் ஆர்சனிக்கைக் கவ்விப் பிடிப்பவை. பிடித்து நிறைந்ததை மூட்டை கட்டி ஒதுக்குவார்கள். பார்த்தால் புதுத்தூளுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. சிமென்ட்டின் காரம் பட்டால் பிடி தளர்ந்து, அத்தனையையும் தண்ணீரிலேயே கக்கிவிடும்.

"விஷத்தைக் குழைச்சுப் பூசியிருக்கே. பெத்தவளுக்கும் சேர்த்து."

"போதும்டி!" மாமியார் சொம்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். "இனி இந்த வீட்டுத் தண்ணி என் தொண்டையில இறங்காது. தெருக்குழாய் இருக்கு எனக்கு."

போகட்டும். அது பிளான்ட்டிலிருந்து வரும் தண்ணீர்; அதுவாவது சுத்தம். தினமும் காலையில் பிளான்ட்டில் வடிகட்டியின் வாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துச் சோதித்துக் கையெழுத்துப் போடுபவள் அவள்தான்.

"மிச்ச மூட்டை எங்க?"

கொழுந்தன் உடைந்த சில்லு ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"உன்னைத்தான் கேக்குறேன்!"

"தீந்துபோச்சு அண்ணி. போன மாசம் உங்க பிளான்ட்ல பெரிய டேங்க் ஒழுகுதுன்னு என்னைத்தான் கூப்பிட்டாங்க. வடிகட்டின தண்ணி வந்து சேருமே, அது. உள்பக்கம் முழுக்க… இதே பூச்சுதான்."

கடப்பாரை தரையில் விழுந்த சத்தம் தெருவரை கேட்டது. குழாயடியில் மாமியார் நிமிர்ந்தாள். மருமகள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும், வேண்டுமென்றே வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, தளும்பும் சொம்பை அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தாள்.