எட்டுப் பிரதிகள்

பொருளாதார விரிவுரையாளர் சகாதேவன் பதினோரு வருடமாக ஒரே புத்தகத்தைப் பார்த்துத்தான் வகுப்பில் நோட்ஸ் சொல்லிவந்தார். கல்லூரி நூலகத்தில் இருந்த ஒரே பிரதி அது. செங்கம் ரோட்டில் அவர் வீட்டு பீரோவில் குடியிருந்தது. சரக்கு எங்கே கொள்முதல் என்று வாடிக்கைக்காரனுக்குத் தெரியாதவரைதான் கடைக்கு மவுசு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் நூலகராக வந்த ஜெயமதி ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். மாணவர்கள் எதைப் படிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் பட்டியல் கொடுத்தால், நூலகம் பல பிரதிகள் வாங்கித் தனி அலமாரியில் வைக்கும். மற்றவர்கள் எழுதித் தள்ளினார்கள். சகாதேவன் வெறும் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜெயமதிக்கு உதவுகிற குணம்.

"உங்களுக்கு நேரமிருந்திருக்காதுங்க சார். ரிஜிஸ்டர்ல பார்த்தேன், பதினோரு வருஷமா ஒரே புக்கைப் புதுப்பிச்சிட்டு வர்றீங்க. நானே லிஸ்ட்ல சேர்த்துட்டேன். எட்டு காப்பி வந்துடுச்சு."

சகாதேவன் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"எட்டு ஜாஸ்திம்மா. ஒண்ணு போதும்."

"அறுபது பசங்க சார். எட்டே கம்மி."

"சரி, ரெண்டு. மிச்சத்தைத் திருப்பிடுங்களேன்."

"காலையிலேயே அடுக்கியாச்சுங்க. அதோ, படிச்சிட்டிருக்காங்க பாருங்க."

புத்தகம் அங்கே கிடைத்தால் இவர் வகுப்பில் யார் உட்காருவார்கள்? அந்தக் கவலையோடுதான் மறுநாள் நோட்ஸைப் பிரித்தார். ஒரு பேனாவும் அசையவில்லை.

"சார், அது நாப்பத்திரெண்டாம் பக்கங்க. படிச்சிட்டோம்" என்றான் கீழ்பென்னாத்தூர் பாகுபலி.

"கமாகூட மாறலடா" என்றது பின்வரிசை. இரண்டு பேர் எழுந்து போகத் தயாரானார்கள்.

சகாதேவன் நோட்டை மூடினார்.

"படிச்சாச்சு, சரி. புரியாதது எது?"

பாகுபலி யோசித்தான்.

"விலை ஏறும்னா விவசாயி சரக்கை வெச்சிருந்து விப்பான்னு போட்டிருக்குங்க. எங்க ஊர்ல மல்லாட்டையைக் களத்துலயே வித்துடறாங்களே, ஏன் சார்?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் மண்டி வைத்திருக்கும் சகாதேவனின் அப்பா முப்பது வருடமாக அந்தக் களங்களில்தான் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை வாங்குகிறார்.

"விதையை யார்கிட்ட கடனா வாங்கினான்? சரக்கு வாங்க வர்ற வியாபாரிகிட்டயே. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிட்டுப் பேரம் பேசுவான்?"

ஈரம் என்று சொல்லி வியாபாரி உதட்டைப் பிதுக்குவது, போகிறவன்போல நாலடி நடந்து திரும்புவது என்று குடும்பத் தொழிலைக் கொஞ்சம் கூடுதலாகவே அவிழ்த்துவிட்டார். மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை.

சாயங்காலம் ஜெயமதி தாளும் பேனாவுமாக வந்தார்.

"இன்னிக்கு நடத்தின புக்கு எதுங்க சார்? பசங்க வரிசையா வந்து கேக்கறாங்க. லிஸ்ட்ல சேர்க்கணும்."

"அது எங்கப்பாகிட்ட இருக்கும்மா. இரவல் குடுக்க மாட்டார்."

"பேர் சொன்னா போதுங்க. எங்கயிருந்தாலும் வரவழைச்சிடறேன்."

நாளைக்கும் பத்து மணிக்கு வகுப்பு இருந்தது. சகாதேவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்பாவின் மண்டிப் பக்கம் போனார்.