தண்ணீர் அளவு

தண்ணீர் அளவை நான் மறந்துபோய் விடவில்லை. வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம்.

என் பெயர் மகுடேஸ்வரன். அருள்புரத்தில் ஒரு சாயப்பட்டறை லேபில் முப்பத்தோரு வருடமாக இருக்கிறேன். துணி வாங்கும் பையர் அனுப்பும் துண்டுத் துணியின் நிறத்தை அச்சு அசலாகக் கொண்டுவருவது என் வேலை. பத்து கிராம் துணியில் சாயமேற்றிப் பார்த்து, எவ்வளவு சாயம், எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்று கார்டில் எழுதிக் கொடுப்பேன். அதை நம்பித்தான் கீழே ஐந்நூறு கிலோ துணி மிஷினில் இறங்கும். தண்ணீர் மாறினால் நிறம் மாறிவிடும். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஜோதிகா லேபில் சேர்ந்த புதிதில், ஒருநாள் தண்ணீர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் அன்று மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அப்படிப்பட்ட ஆள் நான்.

என் மகள் தேஜஸ்ரீ ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். வருடத்தில் இரண்டு முறை லீவு போட்டுவிட்டு, பன்னிரண்டு கிலோ மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு, கூட மூன்று பேரோடு இமயமலையில் நடக்கப் போவாள். சின்ன வயதில் பஸ் ஸ்டாப் வரை நடக்கச் சொன்னால் கால் வலிக்கிறது என்று அழுத பிள்ளை அது. என் மனைவி சித்ரகலா இருந்தவரை தேஜஸ்ரீ அம்மாவோடுதான் பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்று வருடம் முன்பு சித்ரகலா போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு போன் என் கைக்கு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மீட்டிங் இருக்குதுங்ப்பா. ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். அவளைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அதற்கு மேல் பேசத் தெரியாது.

ஒருநாள் போனில், மலையில் சாப்பிட வாங்கிப்போகும் பாக்கெட் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அடுத்த வாரமே தட்டுத் தட்டாக அடுக்கிய உலர்த்தும் மிஷின் ஒன்றை வாங்கிவிட்டேன். அரிசியும் பருப்பும் சாதத்தை நெய் விடாமல் குழைய வேகவைத்து, தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, அறுபது டிகிரியில் எட்டு மணி நேரம் வைப்பேன். எண்ணெய்ப் பசை இருந்தால் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடித்துவிடும். ஒரு கிலோ சாதம் முந்நூற்றைம்பது கிராமாக வற்றும். கையில் நொறுக்கினால் மணல் போல உதிர வேண்டும். தக்காளித் தொக்கு, பீன்ஸ் பொரியல், கொள்ளுப் பருப்பு எல்லாம் செய்து பார்த்தேன். தயிர் சாதம் மட்டும் வீட்டையே நாறடித்துவிட்டது. காற்றை உறிஞ்சி எடுத்துப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றிலும் பேர், எடை, தேதி, தண்ணீர் அளவு என்று கார்டு மாதிரியே எழுதி ஒட்டினேன்.

முதல் பயணத்துக்கு எல்லாம் எழுதி அனுப்பினேன். ஒரு குறையும் இல்லாமல் சாப்பிட்டுத் திரும்பி வந்தாள். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான்.

இரண்டாவது முறை கொள்ளுப் பருப்புப் பொட்டலத்தில் தண்ணீர் அளவு நிஜமாகவே விட்டுப்போனது. மலையேறும் முன் சிக்னல் இருக்கிற கடைசி ஊரிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, கொள்ளுக்கு எத்தனை தண்ணி ஊத்தோணுங்க? எழுதவே இல்லீங்களே?"

"ஒண்ணுக்கு மூணு ஊத்து கண்ணு. ஊத்தீட்டு அரை மணி நேரம் மூடி வெச்சுரு."

பிறகு அவள் போனை வைக்கவில்லை. அங்கே குளிர் எப்படி இருக்கிறது, கூட வந்த பெண் எப்படிக் குறட்டை விடுகிறாள், ஆபீஸில் புது மேனேஜர் எப்படி உயிரை வாங்குகிறான் என்று பேசிக்கொண்டே போனாள். பதினோரு நிமிடம். அன்று லேபில் யாரையும் நான் திட்டவில்லை.

மூன்றாவது முறை ஒரு பொட்டலத்திலும் தண்ணீர் அளவு எழுதவில்லை. அவள் புறப்படும் நாளில்தான் பார்சல் கையில் கிடைக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணி அனுப்பினேன். முன்கூட்டியே கிடைத்தால் ஐதராபாத்திலிருந்தே மெசேஜ் போட்டுக் கேட்டு முடித்துவிடுவாளே. அதே கடைசி ஊரிலிருந்து கூப்பிட்டாள். ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துக் கேட்டு, அதன்மேலேயே எழுதிக்கொண்டாள். இருபத்து நான்கு நிமிடம். எனக்கு ருசி கண்டுவிட்டது.

நான்காவது முறை, போன செப்டம்பரில், அவள் பல நாளாக ஆசைப்பட்ட ஒரு கணவாயைத் தாண்டப் போனாள். ஆறு நாள் நடை. புதிதாகத் தட்டப்பயிறு குழம்பு வேறு வற்றவைத்து, போன முறை மாதிரியே எதிலும் தண்ணீர் அளவு எழுதாமல், புறப்படும் நாளில் கிடைக்கும்படி அனுப்பினேன். அதை ஒரு மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். அதையும் எழுதவில்லை. போனில் சொல்ல ஒரு விஷயம் கூடுதலாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

போன் வரவில்லை. வழியில் மண் சரிந்ததால் ஜீப் அந்தக் கடைசி ஊருக்குள் போகாமல் வேறு பாதையில் நேரே மலையடிவாரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆறு நாளும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். குளிக்கும்போது பக்கெட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்தேன். அப்பன் என்று ஒருவன் செய்கிற வேலையா இது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஏழாம் நாள் கூப்பிட்டாள்.

"நல்லாத்தானுங்ப்பா இருக்கறேன். பாதியில திரும்பி வந்துட்டோம்."

தண்ணீர் குறைந்து சாதம் கல்லாக நின்றிருக்கிறது. திரும்பத் திரும்ப ஊற்றிக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். தட்டப்பயிறு வேகவே இல்லை. நான்காம் நாள் காலையில் கேஸ் டப்பா தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்த பிஸ்கட்டைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டு, கணவாய் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து இறங்கி வந்திருக்கிறார்கள். கோபமாக நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் குரல் அதற்கு நேர்மாறாக, குழந்தையிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

"அப்பா, நீங்க வேற எதாச்சும் மறக்கறீங்களா? சாவிய வெச்ச எடம், கேஸை அணைச்சமா இல்லையான்னு?"

எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. மூன்று முறையும் நான் மறந்துபோனதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் அளவை ஒருபோதும் விடாத அப்பனுக்கு மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவே செய்துவிட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி."

"நா வரேனுங்ப்பா."

அடுத்த வாரமே வந்துவிட்டாள். கோவையில் ஒரு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாள். அதற்கு முந்தைய நான்கு நாள் வீட்டில் இருந்தாள். கேஸ் அடுப்புக்கு மேலே 'அணைத்தாச்சா' என்று ஒரு சீட்டு, வாசல் கதவில் 'சாவி' என்று ஒரு சீட்டு. எனக்குச் சோறு போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். "வேலைய ஊட்ல இருந்தே பாக்கலாமான்னு ஆபீஸ்ல கேட்டிருக்கறேனுங்ப்பா. டாக்டர் என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு இங்கயே வந்தர்றேன்" என்றாள். நான் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். உண்மையைச் சொல்லிவிடத் தினமும் நினைத்தேன். தினமும் சோறு நன்றாக இருந்தது, சொல்லவில்லை.

டாக்டர் அம்மா தேதி கேட்டார், கிழமை கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடகடவென்று கழித்தேன். பிறகு ரோஜா, தராசு, ஜன்னல் என்று மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றார். இரத்தக் கொதிப்பு, தூக்கம் என்று வேறு எதையெதையோ கேட்டுவிட்டு, "அந்த மூணு வார்த்தையைச் சொல்லுங்க" என்றார்.

இரண்டை மட்டும் சொன்னால் போதும். மகள் வீட்டோடு வந்துவிடுவாள். யாருக்கும் சந்தேகம் வராது. நான் யோசிக்கிற மாதிரி தலையைக் குனிந்தேன். ஓரக்கண்ணில் தேஜஸ்ரீ தெரிந்தாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் அவள் உதடு அசைந்தது. ரோஜா, தராசு, ஜன்னல். முகம் வெளுத்துப்போய், எனக்காக அவள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

மூன்றையும் சொல்லிவிட்டேன்.

"உங்கப்பாவுக்கு ஒண்ணுமில்லம்மா. என்னைவிட ஞாபகம் நல்லா இருக்கு" என்று டாக்டர் சிரித்தார்.

காரை அவள்தான் ஓட்டினாள். சூலூர் தாண்டியதும் கேட்டாள்.

"அப்ப ஏனுங்ப்பா எழுதல?"

"வேணும்னேதான் உட்டேன் சாமி. எழுதாம இருந்தாத்தான் நீ கூப்புடற."

அவள் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஓட்டினாள். கணவாயைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று பயந்தேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"இதுக்காகவாங்ப்பா? பேசோணும்னா 'கூப்புடு கண்ணு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க."

"சொல்லியிருந்தா கூப்பிட்டிருப்பியா?"

என் பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. பல்லடம் வரும்வரை அவள் சாலையை மட்டும் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.