எலுமிச்சம்பழம் தராத வாசகி

பெங்களூர் ஈஜிபுராவிலிருந்து பொம்மசந்திராவுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தபடியே ரத்தினம்மாள் இதுவரை நூற்றுப் பத்து பேரைக் கொன்றிருக்கிறாள். எல்லாம் போனில்தான். சில்க் போர்டு நெரிசலில் பஸ் மாட்டினால் ஒரு பேய்க்கதையை எழுதி முடித்துவிடுவாள். மழை பெய்து ரோட்டில் தண்ணீர் நின்றால் இரண்டு. மாத்திரை பேக்கிங் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், வயது நாற்பத்தொன்பது, சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். பல்லியைக் கண்டால் மட்டும் கட்டில் மேல் ஏறிவிடுவாள். "ஊரையே பயமுறுத்துறவளுக்குப் பல்லியைப் பார்த்தா உதறல்" என்று அவள் வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கதைகளைப் போடுகிற ஆப்பில் நட்சத்திரம் கிடையாது, எலுமிச்சம்பழம்தான். திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிற அதே பழம். கொஞ்சம் பயந்தால் ஒன்று, குலை நடுங்கினால் ஐந்து. கீழே கருத்தும் எழுதலாம். கருத்து எழுதுகிற சனங்களைப் பற்றித் தனியாக ஒரு புராணமே பாடலாம். கதையைப் படிக்காமலேயே 'செம' போடுகிறவர்கள் பாதி. 'பாத்ரூம் போகப் பயமாக இருக்கிறது, நீங்கள்தான் பொறுப்பு' என்று நோட்டீஸ் விடுகிறவர்கள் கொஞ்சம். ஓஸ்வால்ட் என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார், பேய் கழுத்தைக் கடிக்கிற இடத்திலும் ஒற்றுப்பிழையைத்தான் பார்ப்பார். இவர்கள் அத்தனை பேரையும் ரத்தினம்மாளுக்குப் பிடிக்கும். ஆறு வருஷமாக அவள் வாங்கிய எலுமிச்சையைப் பிழிந்தால் ஈஜிபுரா முழுக்க ஜூஸ் கொடுக்கலாம்.

அப்படி இருக்கையில்தான் வீணா என்றொருத்தி வந்து சேர்ந்தாள்.

அன்றைக்கு ரத்தினம்மாள் போட்டிருந்த கதையில் ஒரு மகள் தினமும் அம்மாவுக்கு 'நான் நல்லா இருக்கேன்மா' என்று மெசேஜ் அனுப்புவாள். மகள் செத்துப் பதினோரு நாள் ஆகிவிட்டது என்பது கடைசி வரியில்தான் தெரியும். எழுநூறு பேர் நடுங்கினார்கள். வீணா மட்டும் ஒரு பழம்கூடத் தரவில்லை. 'கதை நல்லா இருக்கு அக்கா. ஆனா இதுல பயப்பட என்ன இருக்கு? எங்க அம்மாவுக்கும் அவர்தான் என் பேர்ல பதில் போடுவார்' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே முப்பத்தொரு பேர் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள். 'சிஸ், அக்காவையே கலாய்ச்சிட்டீங்க' என்று ஒருவர் பாராட்டியும் இருந்தார்.

ரத்தினம்மாளுக்குச் சுருக்கென்றது. இவளை அலற வைக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு கட்டினாள். அவள் ஒன்றை முடிவு கட்டினால் கட்டியதுதான், பேக்கிங் லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அடுத்த கதையில், ஒரு வீட்டில் பகலெல்லாம் சாமான்கள் ஒரு விரற்கடை நகர்ந்துகொண்டே இருக்கும். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைக்காவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணின் கையில் ஒரு விரல் குறையும். எழுதும்போது ரத்தினம்மாளே இரண்டு தடவை தன் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். வீணாவிடமிருந்து மறுபடியும் முட்டை. 'அவரும் வந்ததும் எல்லாம் அதே இடத்துல இருக்கான்னுதான் பார்ப்பார். நானும் தரையில சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சிருக்கேன். பழகிடும் அக்கா.' இந்த முறை ஐம்பது சிரிப்பு முகங்கள். வீம்புக்கு ரத்தினம்மாளும் ஒன்று போட்டுவிட்டாள்.

மூன்றாவதற்கு அவள் பத்து நாள் எடுத்துக்கொண்டாள். புதுப்பெண் ஒருத்தி வாடகை வீட்டுக்குக் குடிவருகிறாள். வாசல் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாளே இல்லை, வெளியே மட்டும்தான் இருக்கிறது. அவ்வளவுதான் கதை. ரத்தமும் இல்லை, பேயும் இல்லை. ஆயிரத்து இருநூறு பேர் படித்து, பாதிப்பேருக்கு மேல் ஐந்து பழம் கொடுத்தார்கள். ஓஸ்வால்ட் வாத்தியார்கூடப் பிழை சொல்ல மறந்துவிட்டார்.

வீணாவின் கருத்து மறுநாள் காலை பஸ்ஸில் இருக்கும்போது வந்தது. பக்கத்து சீட்டில் காந்தா. அவள் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. கன்னட மீடியத்தில் படித்தவள், தமிழ் வாய் நிறையப் பேசுவாள், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அதனால் கதையையும் கருத்தையும் ரத்தினம்மாள்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

"'தாழ்ப்பாள் வெளியில இருந்தா என்ன அக்கா? அவர் ஏழு மணிக்கு வந்து திறப்பாரே.' கேட்டியாடி காந்தா, இவளுக்கு என்ன கொழுப்பு!"

காந்தா சிரிக்கவில்லை. "முன்னாடி ரெண்டு எழுதினாளே, அதையும் படி அக்கா."

ரத்தினம்மாள் படித்தாள். மூன்றையும் சேர்த்து ஒரு தடவை, பிறகு மெதுவாக இன்னொரு தடவை. மடிவாளா வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவில்லை.

"அவ ஜோக் அடிக்கல அக்கா," என்றாள் காந்தா. "பாவம், கதை எது, வாழ்க்கை எதுன்னு தெரியாம கேக்கறா."

ரத்தினம்மாள் தானும் போட்ட அந்தச் சிரிப்பு முகத்தைத் தேடிப் பிடித்து அழித்தாள். அழித்தும் அவமானம் போகவில்லை. ஒருத்தி தன் வாழ்க்கையை எடுத்து முன்னால் வைத்திருக்கிறாள், நாம் பழம் வரவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

கருத்துக்குக் கீழே பதில் எழுதினாள்: 'உன் வீட்டுக்காரர் இதெல்லாம் படிப்பாராம்மா?'

மூன்றாம் நாள் பதில் வந்தது. 'தினமும் போனை வாங்கிப் பார்ப்பார். ஆனா அவர் இங்கயே பிறந்தவர் அக்கா, தமிழ் பேசத்தான் தெரியும், எழுத்து தெரியாது. சாமி கதைன்னு சொல்லியிருக்கேன். சிம் இல்லாத பழைய போன், வைஃபைல இது மட்டும் ஓடும்.' அதற்குக் கீழே இன்னொன்று: 'பூட்டு எல்லாம் போட மாட்டார். பூட்டைப் பார்த்தா பக்கத்து வீட்ல கேப்பாங்களாம். தாழ்ப்பாள் மட்டும்தான்.'

படித்து மனதில் ஏற்றிக்கொண்டு, வேறு யார் கண்ணிலும் படுமுன் இரண்டையும் ரத்தினம்மாள் அழித்தாள். அந்த மனுஷன் கதவு, ஜன்னல், போன் என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, தனக்குப் படிக்கத் தெரியாத இருநூற்றுச் சொச்சம் எழுத்தைத் திறந்தே விட்டுவிட்டான். போகிற வழி அது ஒன்றுதான்.

வீட்டில் சொன்னபோது சுந்தரமூர்த்தி தட்டிலிருந்து கையை எடுத்தார். "முகம் தெரியாத பொண்ணு. புருஷன் பொண்டாட்டி விவகாரம். நமக்கெதுக்கு ரத்னா வேலியில போற ஓணான்?"

"அந்த ஓணானை மூணு மாசமா நான்தாங்க எழுதி எழுதிச் சொரிஞ்சு விட்டிருக்கேன். இப்ப பாக்காத மாதிரி போகச் சொல்றீங்களா?"



பெண்களுக்கான உதவி எண்ணில் பேசினாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். அந்தப் பெண்ணிடம் நேரில் பேச வேண்டும், அவள் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும், விலாசமும் வேண்டும், கிடைத்தால் தங்கவும் இடம் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். விலாசத்துக்கு எங்கே போவது? எல்லோரும் பார்க்கிற இடத்தில் 'உன் வீடு எங்கே' என்று கேட்டால் வேண்டாதவனும் படிப்பான். இரண்டு நாள் யோசித்து ரத்தினம்மாள் ஆப்பில் ஒரு போட்டி வைத்தாள். 'அடுத்த கதைக்கு ஒரு வீடு தேவை. பேய் குடியிருக்கத் தோதான வீட்டை நீங்களே எழுதுங்கள்.'

தொண்ணூறு பேர் எழுதினார்கள். எழுபது வீட்டில் ஆலமரம், அறுபதில் ஆந்தை. லாவண்யா என்ற காலேஜ் பெண் அரண்மனையே கட்டியிருந்தாள். நடுவில் வீணாவின் வீடு இருந்தது: 'தொம்மலூர் பழைய ஊருக்குள்ள நாலாவது சந்து. கீழே இஸ்திரி வண்டி. நீல கேட். ரெண்டாவது மாடில வாட்டர் டேங்க் பக்கத்துல ஒரே ஒரு ரூம். படியில கைப்பிடி உடைஞ்சிருக்கும். பேய் ஒம்பது மணிக்குப் போயிட்டு ஏழு மணிக்கு வரும்.'

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது ரத்தினம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெண்ணுக்குப் புரிந்துவிட்டது, கதை எது என்று.

பரிசை ஆந்தை வீட்டுக்காரர் ஒருவருக்கு அறிவித்தாள். பிறகு நான்காவது கதையை எழுதினாள். அதில் பயமுறுத்த ஒன்றுமே இல்லை. புதன்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு பெண்கள் ஒரு மாடிப்படி ஏறி வருகிறார்கள். ஒருத்திக்குப் பச்சைச் சேலை. கதவுக்கு வெளியே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உள்ளே இருப்பவளுக்கு வர விருப்பம் இருந்தால் மூன்று தடவை கதவைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் போய்விடுவார்கள், அடுத்த புதன்கிழமையும் வருவார்கள், அதற்கடுத்த புதனும் வருவார்கள். 'வெளியே இருக்கிற தாழ்ப்பாளை வெளியே நிற்கிற யார் வேண்டுமானாலும் திறக்கலாம்' என்று கதை முடிந்தது.

வாசகர்கள் காறித் துப்பாத குறைதான். 'பேய் எங்கே?' 'அக்காவுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது.' 'பழம் தர முடியாது, எலுமிச்சை விற்கிற விலையில்.' ரத்தினம்மாள் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ஆறு வருஷப் பேரைக் காவு கொடுத்தாலும் பரவாயில்லை என்றுதான் எழுதியிருந்தாள்.

புதன்கிழமை இருவரும் லீவு போட்டார்கள். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு ரத்தினம்மாள் காந்தாவோடு தொம்மலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி பத்தரை. போன் சிணுங்கியது. நான்காவது கதைக்கு வீணாவின் மதிப்பெண்.

ஐந்து எலுமிச்சம்பழம். 'பயமா இருக்கு அக்கா.'

"அவளுக்குப் பயம் வந்துடுச்சா?" என்றாள் காந்தா. "அப்ப வரமாட்டாளா?"

"போக ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சாத்தானேடி பயமே வரும்," என்று சொல்லிவிட்டு ரத்தினம்மாள் வேகமாக நடந்தாள்.

நாலாவது சந்தில் இஸ்திரி வண்டி இருந்தது. நீல கேட் இருந்தது. "யாரு பேக்கு?" என்று, யார் வேண்டும் என்பதை இஸ்திரிக்காரர் கன்னடத்தில் கேட்டார். "மேலே நம்ம பொண்ணு இருக்கா, பாக்க வந்தோம்" என்று காந்தா கன்னடத்திலேயே சொன்னாள். உடைந்த கைப்பிடியைத் தொடாமல் மேலே ஏறினார்கள். டேங்க் நிழலில் அந்தக் கதவு. சாம்பல் பெயிண்ட், ஒரு சாண் நீளத் தாழ்ப்பாள். அதற்கு ஒரு விரற்கடை மேலே கொழுத்த பல்லி ஒன்று.

ரத்தினம்மாளின் கால் தானாகப் பின்னால் போனது. "நான் திறக்கறேன், தள்ளு அக்கா" என்றாள் காந்தா.

"சும்மா இரு," என்றாள் ரத்தினம்மாள். பிறகு கதவில் வாயை வைத்து, "வீணா, ரத்தினம்மாக்கா வந்திருக்கேன்" என்றாள்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது. வேறு சத்தமே இல்லை. சரி, அடுத்த புதன் வருவோம், எத்தனை புதன் ஆனாலும் வருவோம் என்று ரத்தினம்மாள் மனதைக் கட்டிக்கொண்டாள். அப்போது கதவு தட்டப்பட்டது. ஒன்று. இரண்டு. வெகு நேரம் கழித்து மூன்று.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று, அவள் தாழ்ப்பாளை இழுத்தாள்.

இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. கையில் ஒரு துணிப்பை. அவளுக்குப் பின்னால் தரையில் ஒவ்வொரு சாமானைச் சுற்றியும் வெள்ளைக் கோடு. வாசற்படிக்கு உள்ளேயே நின்று, "பயமா இருக்கு அக்கா" என்றாள்.

"எனக்கும்தாண்டி. வா."

ரத்தினம்மாளின் போனில் உதவி எண்காரர்களிடம் அவள் தன் வாயாலேயே பேசினாள். தங்க இடம் இருக்கிறது, வாருங்கள் என்றார்கள். பேசி முடித்ததும், "எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கட்டுமா?" என்று கேட்டாள். படியில் இறங்கிக்கொண்டே, மனதில் இருந்த நம்பரை அழுத்தினாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

"அம்மா, நான் வீணா."

"என்னடி இது, வேற நம்பர்ல? குரலே ஒரு மாதிரி இருக்கு? நேத்துக்கூட நல்லா இருக்கேன், வேலையா இருக்கேன்னு மெசேஜ் போட்டியே?"

"அது நான் இல்லம்மா," என்றாள் வீணா. "ஒரு வருஷமா அது நான் இல்ல. இப்பதான் நான் பேசறேன்."

நூற்றுப் பத்து பேரைக் கொன்ற ரத்தினம்மாளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை சில்லிட்டது. இப்படி ஒரு வரியை அவள் எழுதியதே இல்லை. கைப்பிடி உடைந்த பக்கம் தான் போய் நின்றுகொண்டு, பெண்ணை உள்பக்கமாக விட்டு, மீதிப் படிகளில் இறக்கிக் கூட்டி வந்தாள். கீழே காந்தா ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள்.