இடது கன்னம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. தன்னுருவ ஓவியத்தில் கைதேறுவது எப்படி என்று ஓர் இதழுக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். விளக்கை ஒரு பக்கமாக வையுங்கள். கண்ணாடியை முக உயரத்தில் மாட்டுங்கள். உங்கள் முகம் உங்களுக்குத் தெரியும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது வாக்கியத்தில் ஒருத்தி குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள். கட்டுரை அத்தோடு போயிற்று.

2

அவள் பள்ளிப் பாடநூல்களுக்குப் படம் போடுகிறவள். வேலையெல்லாம் டேப்லெட்டில்தான். (முதலில் "அழகான பெண்" என்று எழுதி அடித்தேன். அழகிகளுக்குத்தான் முகம் முக்கியம் என்று ஆகிவிடும்.) இடது தாடையில் கட்டி. எலும்போடு சேர்த்து எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குள் தன் முகத்தை ஒரு முறையாவது ஒழுங்காக வரைந்துவிட நினைத்தாள். ஊரார் முகமெல்லாம் வரைந்த கைக்குச் சொந்த முகம் பிடிபடவில்லை.

டேப்லெட்டில் விரல் தானாகவே வீக்கத்தைக் குறைத்தது. பிடிக்காத கோடு ஒரு தட்டலில் மறைந்தது. அவள் கணவன் பேருந்து ஓட்டுகிறவன், அளந்துதான் பேசுவான். முடிந்த படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. உன் தங்கச்சி மாதிரி."

மறுநாளே எண்ணெய் வண்ணமும் கேன்வாஸும் வாங்கிவந்து குளியலறைக் கண்ணாடி முன் ஸ்டூலைப் போட்டாள். இங்கே எதையும் இல்லையென்று ஆக்க முடியாது. சுரண்டினாலும் கறை நிற்கும். முதல் படத்தில் கண்கள் முறைத்தன. அடுத்ததில் வாய் நழுவியது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் மூக்கு, வாய் எல்லாம் போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும் என்று மெல்லத் தெரிந்துகொண்டாள். வீக்கத்தின் அடிநிழலில் துளி பச்சை கலந்தபோது முகம் வந்துவிட்டது. அதை அவர்கள் மகள்தான் கூடத்தில் மாட்டச் சொன்னாள்.

3

ஆபரேஷன் அறையில் விளக்குகள் வெள்ளை வெளேரென்று

வேண்டாம். அவள் மயக்கத்தில் இருந்தாள். அவள் பார்க்காததை நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

வீட்டுக்கு வந்தபோது கண்ணாடிகள் இல்லை. குளியலறைச் சுவரில் ஆணித் துளைகள். பீரோக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. முகம் பார்த்துத் திறக்கும் டேப்லெட், அவளை யாரென்றே தெரியாததுபோல் கடவுச்சொல் கேட்டது. மகள் பாடம் ஒப்பித்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், எல்லாம் செய்தாள். பேசும்போது மட்டும் கூடத்துப் படத்தைப் பார்த்தே பேசினாள்.

(கணவனைக் கொடுமைக்காரன் ஆக்கியிருந்தால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவன் அழுதுகொண்டேதான் அந்த ஆணிகளைப் பிடுங்கினான். அவளுக்கு இது தெரியாது.)

4

ஒரு காலையில், மகள் பள்ளிக்குப் போன பிறகு, அவள் கேட்டுவிட்டாள். (பேச்சு இப்போது குழறும். அதை எழுத்தில் காட்டப் போவதில்லை; அவனுக்குப் புரிந்தது.)

"கண்ணாடி எங்க?"

"எதுக்கு?"

"வரையணும்."

"அதான் வரைஞ்சாச்சே. அது போதாதா?"

"அது போதும்னா நான் எதுக்குத் திரும்பி வந்தேன்?"

அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து போர்வை சுற்றிய கண்ணாடியை எடுத்துவந்தான்.

5

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன. படம் கண்காட்சிக்குப் போய்ப் பரிசு வாங்குவது ஒன்று, கூசிற்று, அடித்துவிட்டேன். படம் முடிவதற்குள் கட்டி திரும்பி வருவது மற்றொன்று. மருத்துவர் பேசிய விதத்தைப் பார்த்தால் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எழுதக் கை வரவில்லை. பொய்யென்று தள்ளவும் முடியவில்லை.

அதுவரைக்கும் நடந்ததைச் சொல்கிறேன். மாட்ட ஆணியில்லாததால் அவனே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டான். முதலில் அவள் தூரிகையைத் தொடவில்லை. பிறகு, நல்ல பக்கத்தை விட்டுவிட்டு, இடது கன்னத்தில் ஆரம்பித்தாள். அங்கே கன்னம் இல்லை, தையலும் பள்ளமும்தான். பள்ளத்துக்கு என்ன நிறம் என்று தேடுவதிலேயே பொழுது போயிற்று. அவனுக்குக் கை மரத்துப்போனது. கண்ணாடியை அவன் கீழே வைக்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். மகள் வந்துவிட்டாள். கேன்வாஸில் அந்தப் பள்ளம் மட்டும் ஈரமாக இருந்தது. மீதி முகம் இன்னும் இல்லை.

"கண்ணாடியைத் திருப்பி வச்சிடவா?" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவன் கேட்டான்.

அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதப் போவதில்லை. உள்ளே வருகிற அந்தப் பெண் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.